நூறைத் தொடும்போது வரும் உதறல்

"வண்டி உதறுது" என்று காரைக் கொண்டுவந்து நிறுத்துபவரிடம் பெங்களூரு ஜே.சி. ரோட்டு மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்பீடுல சார்?" என்பதுதான். ஐம்பது வருடங்களுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பெரிதாக வேலை இருந்திருக்காது. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் ஒசூர் ரோடும் மைசூர் ரோடும் இருவழிப் பாதைகள். எதிரே கரும்பு லாரி, முன்னே மாட்டு வண்டி, ஊருக்கு ஊர் சந்தைக் கூட்டம். அறுபதைத் தொட்டாலே நல்ல ஓட்டம். தொண்ணூறுக்கு மேல் மட்டும் தலைகாட்டும் ஒரு கோளாறு, தொண்ணூறையே பார்க்காத வண்டியில் எப்படித் தெரியும்?

கோளாறு அப்போதும் இருந்தது. சாலைதான் அதை வெளியே வரவிடவில்லை.

இதைப் புரிந்துகொள்ளச் சின்னக் கணக்கு ஒன்று போதும். நடுத்தரக் காரின் டயர் ஒரு முறை உருண்டால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பில் ஓர் இடத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மில், 50 கி.மீ. வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. வேகம் இரட்டிப்பாகி 100ஐத் தொட்டால் விசை நான்கு மடங்காகி, ஐந்து கிலோவாகிறது. நொடிக்கு 15 முறை, ஐந்து கிலோ விசை சக்கரத்தை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கிறது. இதோடு முடிந்துவிடுவதில்லை. ஸ்பிரிங்குக்கும் டயரின் காற்றுக்கும் நடுவே மாட்டியிருக்கும் சக்கரத்துக்கு, தானாகவே துள்ளும் இயல்பு ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 துள்ளல். வெளியிலிருந்து வரும் இழுப்பும் இந்த இயல்பான துள்ளலும் ஒரே தாளத்தில் சேரும்போது உதறல் பூதாகரமாகிறது. 90க்கும் 110க்கும் இடையில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடுவதும், எழுபதுக்கு இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடுவதும் இதனால்தான்.

பெங்களூருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கார் சக்கரத்துக்குப் போட்டுப் பார்க்கும் தேவைதான் தாமதமாக வந்தது. 1930களின் நடுவில் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா வெளிநாட்டுக் கார் ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்து, இந்தியாவிலேயே கார் தயாரிக்க வேண்டும் என்று ஒரு திட்டம் தீட்டினார். மைசூர் சமஸ்தானம் ஆர்வம் காட்டியும் அது பெங்களூரில் நிறைவேறவில்லை. கார் ஆலைக் கனவை அவரோடு பகிர்ந்துகொண்ட தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1944இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1940 டிசம்பரில், மைசூர் அரசின் துணையோடு அவர் பெங்களூரில் நிறுவியது ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். இன்றைய எச்.ஏ.எல். இப்படித்தான் இந்த ஊருக்குக் கார் ஆலைக்கு முன்னால் விமான ஆலை வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாக அந்த ஆலை மாறியது. கேட்டலினா என்னும் நீர்விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின. விமான எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் கொட்டகையில் எடைச் சமநிலைதான் முதல் பாடம். அந்தக் காலத்து ஓவர்ஹால் கூடங்களில் புரொப்பெல்லரை ஒரு தண்டில் மாட்டி, இரண்டு கூரான எஃகு விளிம்புகளின்மேல் படுக்கவைப்பார்கள். கனமான பக்கம் தானாகக் கீழே சரியும். எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும்வரை எடையைச் சரிசெய்வார்கள். 1957 முதல் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினும், 1960களின் நடுவிலிருந்து சேத்தக் ஹெலிகாப்டரும் இங்கே தயாராகத் தொடங்கியபோது அதிர்வு பற்றிய அறிவு இன்னும் ஆழமானது. ஹெலிகாப்டர் இறக்கைகள் எல்லாம் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்க, அக்காலத்தில் உலகெங்கும் ஒரு வழி இருந்தது. ஒவ்வோர் இறக்கை நுனியிலும் வேறு வேறு வண்ணச் சுண்ணம் தீட்டுவார்கள். சுற்றும்போது, ஒரு கம்பத்தில் இழுத்துக் கட்டிய துணியை அந்த நுனிகளின் ஓரமாகக் கொண்டுபோவார்கள். துணியில் விழும் வண்ணக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் சரி, விலகி விழுந்தால் எந்த இறக்கை தவறு என்று நிறமே காட்டிக்கொடுக்கும். 1992 ஆகஸ்டில் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த துருவ் ஹெலிகாப்டரில், சுழலியின் அதிர்வு பயணிகள் அறைக்குள் இறங்காமல் தடுப்பதற்கென்றே தனி அமைப்பு வைக்கப்பட்டது.

எச்.ஏ.எல். இருக்கும் பழைய ஏர்போர்ட் ரோட்டில் இத்தனையும் நடந்தபோது, சில கிலோமீட்டர் தள்ளி கலாசிபாளையத்தில் டயர் மாட்டும் கடைகளில் சக்கரத்துக்கு எடை பார்ப்பது அரிது. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே நேர்மையான காரணம். அம்பாசிடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்று ஒல்லியான நைலான் டயர்கள். ஊருக்குள் நாற்பது, வெளியே அறுபது. அந்த வேகத்தில் 30 கிராம் பிழை ஓட்டுநரின் கைக்கு எட்டவே எட்டாது. அன்றைய ஓட்டுநர்களுக்குத் தெரிந்த அதிர்வுகள் வேறு. இரவு முழுக்க நின்ற வண்டியில் நைலான் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். காலையில் புறப்பட்டு டயர் சூடாகும்வரை முதல் சில கிலோமீட்டருக்கு "தட் தட்" என்று அடிக்கும், பிறகு சரியாகிவிடும். ஜீப்பில் கிங் பின் தேய்ந்திருந்தால் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்து ஆடும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். இது சக்கர எடையால் வருவதல்ல, மூட்டுகளின் தேய்மானத்தால் வருவது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் "ஆட்டம்" என்றாலே முதலில் கிங் பின்னையும் டை ராடையும் அசைத்துப் பார்த்ததற்கு அதுவே காரணம். பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் அடுத்த சந்தேகம், எஞ்சினின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸ் மேல் விழும்.

எடை பார்த்தே ஆகவேண்டும் என்று வந்தால் பட்டறையில் கையால் செய்யும் வழியும் இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக் உரசாமல் தளர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவார்கள். கனமான இடம் கீழே வந்து நிற்கும். நேர் மேலே சாக்பீஸால் குறிபோட்டு, அங்கே ரிம் விளிம்பில் ஈயக் கட்டி ஒன்றை அடித்துச் செருகுவார்கள். எங்கே விட்டாலும் நிற்கும்வரை இதே வேலைதான். விமானக் கொட்டகையில் புரொப்பெல்லருக்குச் செய்ததும், தெருவோரப் பட்டறையில் சக்கரத்துக்குச் செய்ததும் ஒரே விதியை நம்பித்தான். ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின் உள்பக்க விளிம்பில் ஒரு கனமும், அதற்கு நேர் எதிரே வெளிப்பக்க விளிம்பில் அதே அளவு கனமும் இருந்தால், சக்கரம் நின்றநிலையில் சமமாகத்தான் இருக்கும். சுற்றத் தொடங்கினால்தான் இரண்டும் எதிரெதிராக இழுத்து, சக்கரம் வளைந்து நெளிந்து ஓடும். ஒல்லி டயரில் இது பெரிதாகத் தெரியாது. அகல டயரில் தெரியும்.

நிற்கும்போது தெரியாத இந்தப் பிழையைச் சுழலவிட்டே அளக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 1907இலேயே ஃபிரான்ஸ் லவாச்செக் என்பவர் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். டார்ம்ஸ்டாட் நகரத்து கார்ல் ஷெங்க் நிறுவனம் மறு ஆண்டே அதன் உரிமையை வாங்கியது. டர்பைன்களுக்கும் மோட்டார்களுக்கும் பிறந்த அந்த யோசனை, மெல்லக் கார் சக்கரத்துக்கு இறங்கி வந்தது. நடுவே, காரிலிருந்து சக்கரத்தைக் கழற்றாமலே மோட்டாரால் சுற்றவைத்து, நொடிக்குப் பல முறை மின்னும் விளக்கின் ஒளியில் சாக்பீஸ் குறி அசையாமல் நிற்பதுபோலக் காட்டும் கருவிகளும் வந்து போயின.

பெங்களூரில் நிலைமை மாறத் தொடங்கியதற்கு முதல் காரணம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. எடை குறைந்த வண்டி, 12 அங்குலச் சின்னச் சக்கரம், முன்சக்கர இழுவை. சின்னச் சக்கரம் அதே வேகத்துக்கு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். நூறில் நொடிக்குப் பதினேழு சுற்றுக்குப் பக்கமாக. இலேசான வண்டியால் அந்த இழுப்பை அமுக்கி மறைக்கவும் முடியவில்லை. கூடவே வந்தன ரேடியல் டயர்கள். 1946இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற இந்த வகையை, இந்தியாவில் 1977இல் ஜே.கே. டயர் கொண்டுவந்தது. ரேடியல் பக்கவாட்டில் நெகிழ்ந்து சாலையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நெடுநாள் உழைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் எஃகு வலை ஓரிடத்தில் விட்டுப்போனால், அந்த இடம் புடைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டும். எத்தனை ஈயம் ஒட்டினாலும் அந்தத் தட்டு போகாது.

இந்த ஊரிலேயே பிறந்த கார்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. 1980களின் தொடக்கத்தில் சிபானி நிறுவனம் கண்ணாடியிழை உடலோடு டால்ஃபின் என்ற காரை இங்கே தயாரித்தது. 2001இல் ரேவா மின்சாரக் கார் வந்தது. தொடக்ககால ரேவாவின் உச்ச வேகம் 65 கி.மீ. அளவில்தான். நெடுஞ்சாலை உதறல் அந்தக் காரைத் தொடவே வழியில்லை!

இரண்டாவது காரணம், எல்லாவற்றையும்விடப் பெரியது, சாலை. 1990களின் இறுதியில் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டம் 5,846 கி.மீ. நீளத்தில் நாட்டின் நான்கு பெருநகரங்களை இணைத்தது. அதன் சென்னை–மும்பைக் கரம் கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாகப் பெங்களூருக்குள் நுழைந்து தும்கூர் பக்கம் வெளியேறியது. எதிர்வண்டி வராத நான்கு வழிப் பாதை அதுவரை இந்த ஊர்க்காரர்களில் பலர் கண்டிராதது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததும் பல்லாரி சாலை வேகச்சாலை ஆனது. 2010 ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்தது. 2023 மார்ச்சில் மைசூர் விரைவுச்சாலை அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டு, மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அங்கே வேக வரம்பு 100. உதறல் உச்சத்தில் இருக்கும் அதே எண். முன்பு எப்போதாவது எட்டிய வேகம் இப்போது ஒரு மணி நேரம் தொடர்ந்து பிடிக்கும் வேகம் ஆனது. வண்டி பிறந்ததிலிருந்து உள்ளே இருந்த பிழை, ஒரே பயணத்தில் ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்ந்தது.

இதற்குள் ஜே.சி. ரோடு, லால்பாக் ரோடு முதல் புறநகர்ச் சந்துகள் வரை கம்ப்யூட்டர் பேலன்சிங் எந்திரம் நுழைந்துவிட்டது. தண்டில் சக்கரத்தை மாட்டி, கூம்பால் நடுவை இறுக்கி, மூன்று அளவுகளைக் கொடுத்துச் சுற்றவிட்டால், உள்விளிம்புக்கு இத்தனை கிராம், வெளிவிளிம்புக்கு இத்தனை கிராம் என்று திரை சொல்லிவிடும். நல்ல கருவி. ஆனால் அது தன்னிடம் சொல்லப்பட்டதை வைத்துத்தான் கணக்குப் போடும். ரிம்மின் அகலத்தைத் தவறாகக் கொடுத்தால் விடையும் தவறு. சக்கரம் தண்டின் நடுவில் சரியாக உட்காராவிட்டால், எந்திரம் தன் பிழையைச் சக்கரத்தின் பிழையாக எண்ணிக்கொண்டு எடை கேட்கும். திரையில் இரண்டு பூஜ்யமும் வந்துவிடும், வண்டி அப்படியே உதறும். சக்கரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றைச் சுரண்டாமல் எடை போட்டால், அடுத்த மழையில் சேறு கழன்றதும் எல்லாம் வீண்.

பலர் செய்யும் இன்னொரு தவறு, உதறலுக்கு அலைன்மென்ட் பார்ப்பது. அலைன்மென்ட் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைப் பற்றியது. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் உதறலுக்கு அது நேரடிக் காரணம் ஆவதில்லை. கோணம் கெட்டு, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தால் அதிர்வு வரலாம். அப்போதும் கோணத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது, தேய்ந்த டயர் அப்படியேதான் இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தும் உதறல் போகாமல் திரும்பி வரும் வாடிக்கையாளர்களில் பலர் இந்த வழியில் அலைக்கழிக்கப்பட்டவர்கள். இது வருத்தத்துக்குரிய விஷயம். ஏனென்றால் கோளாறு எங்கே என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

அனுபவசாலி மெக்கானிக் வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது அதனால்தான். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் போனால், முன்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்க ஜாயிண்ட் போனால் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது "டக் டக்" என்று சத்தம் கேட்கும், உதறாது. காலியான சாலையில், அதே வேகத்தில், கிளட்சை மிதித்து எஞ்சின் சுற்றைக் குறைத்தும் உதறல் மாறாமல் இருந்தால் எஞ்சினுக்கும் அதன் மவுண்டிங் ரப்பருக்கும் இதில் பங்கில்லை. சக்கரப் பக்கம்தான் தேட வேண்டும். இன்னோவா போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் ஷாஃப்ட், சக்கரத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அங்கே வரும் கோளாறு உதறலாக இல்லாமல், நொடிக்கு அறுபது அதிர்வில் "ஊம்ம்" என்ற முனகலாகக் காதுக்கும் உள்ளங்காலுக்கும் தெரியும். உதறலா, முனகலா என்ற ஒரே வேறுபாடு பல மணி நேர வேலையை மிச்சப்படுத்திவிடும்.

முன்சக்கரம் என்று தெரிந்தபின் செய்வது மிக எளிய வேலை: முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றி மாட்டி, மறுபடி அதே வேகத்தில் ஓட்டுவது. அதிர்வு ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்று. மாறாமல் ஸ்டியரிங்கிலேயே நின்றால் ஹப், பேரிங், மூட்டுகள் பக்கம் போக வேண்டும். செலவு இல்லை, அரை மணி நேரம்.

இந்த ஊரில் அந்தக் குற்றவாளி பெரும்பாலும் வளைந்த ரிம். பெங்களூரின் குழிகளும், குறியிடப்படாத வேகத்தடைகளும் அலாய் வீலின் உள்விளிம்பைத் தட்டிவிடுகின்றன. வெளியே நின்று பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும். எந்திரத்தில் சுற்றவிட்டு உள்விளிம்புக்கு எதிரே ஒரு கம்பியை அசையாமல் பிடித்தால், ரிம் நெருங்கி விலகுவது கண்ணுக்குத் தெரியும். பழைய எஃகு ரிம்முக்குச் சம்மட்டியால் "பெண்டு எடுப்பது" கைதேர்ந்த வேலை. சிவாஜிநகரின் குஜ்ரி என்னும் பழைய சாமான் சந்தையில் நல்ல பழைய ரிம் தேடி வாங்குவதும் ஒரு வழி. அலாய் வேறு ஜாதி. சூடாக்கி அழுத்தி நிமிர்த்தினாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். நூறில் ஓடப்போகும் சக்கரத்தில் விரிசலைச் சந்தேகித்தால் மாற்றிவிடுவதே நியாயம்.

இதே நகரத்தில் இன்னொரு கூட்டம் அதிர்வையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. 1996இல் மெர்சிடிஸ் பென்ஸும், 2003இல் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே ஆய்வு மையங்கள் தொடங்கின. அவற்றின் தொடர்ச்சியாக, இன்னும் பிறக்காத கார்களின் நடுக்கத்தைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடும் பொறியாளர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். ஜே.சி. ரோட்டில் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசிக்கொண்டே, உள்ளங்கையால் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்பவரும், திரையில் வண்ணப்படமாக அதிர்வைப் பார்ப்பவரும் தேடுவது ஒன்றைத்தான்: எந்தப் பாகம், நொடிக்கு எத்தனை முறை. முன்னவருடைய அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறாமல் ஆளிடமிருந்து ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை எழுதிவைக்க யாராவது முன்வர வேண்டும்.

ஹொஸ்கோட்டையிலிருந்து தொடங்கும் சென்னை விரைவுச்சாலை 262 கி.மீ. நீளத்துக்கு, மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. அந்த வேகத்தில் முன்பு பார்த்த 30 கிராமின் இழுப்பு ஏழு கிலோ. எனவே பேலன்சிங் கடையில் நிற்கும் எவரும் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். திரையில் பூஜ்யம் வந்ததும் சக்கரத்தைக் கழற்றிவிடாமல், கூம்பைத் தளர்த்தி, தண்டின்மேல் சக்கரத்தை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றவிடச் சொல்ல வேண்டும். அப்போதும் ஐந்து கிராமுக்குள் நின்றால் வேலை சுத்தம். இருபது, முப்பது என்று எகிறினால் சக்கரம் நடுவில் உட்காரவில்லை, ஒட்டிய ஈயத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவசரக் கடைகளில் முதலில் விடுபட்டுப்போவதும் இதுதான்.